துடுப்புகளுக்கு நடுவே என் கை

ஒரு கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மனிதரை நான் என் இடது கையால் அறைந்தேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கையும் அவர் மேல் படவில்லை. இருந்தாலும் அது அறைதான். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அதில் ஒரு துளி வருத்தம் கிடையாது. மறப்போம் மன்னிப்போம் என்கிற கட்சிக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி ஹூஸ்டனுக்குப் போனேன். கணவருக்கு எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு எச்-ஃபோர் விசா, அதாவது வேலைக்கு வந்தவரின் பெண்டாட்டி விசா. அதை வைத்துக்கொண்டு சமைக்கலாம், துணி துவைக்கலாம், சம்பளத்துக்கு ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. நான் தூத்துக்குடிக்காரி. கடல் உயிரியலில் எம்.எஸ்சி. முடித்தவள். வகுப்பில் முதல் இடம், அதைச் சொல்லாமல் விட மாட்டேன். அபார்ட்மெண்டில் மூன்று மாதம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது மாதம் சுவர் என்னைப் பார்க்க ஆரம்பித்தது.

அப்போதுதான் கோயில் கேன்டீனில் அவரைச் சந்தித்தோம். மெட்ராஸ்காரர். கடலோரத்தில் இருந்த ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கால்வெஸ்டன் வளைகுடாவில் எத்தனை டால்பின் இருக்கின்றன, அவை யார் யார் என்று கணக்கெடுக்கும் திட்டம் அவர் பொறுப்பில் இருந்தது. நான் படித்ததைக் கேட்டதும் கையிலிருந்த புளியோதரையைக் கீழே வைத்தார்.

"என்னம்மா இது, மரைன் பயாலஜி படிச்சுட்டு வீட்ல இட்லி ஊத்திட்டு இருக்கே? எங்க லேபுக்கு வாலண்டியரா வா. சம்பளம் கிடையாது, அதனால விசா ப்ராப்ளமும் கிடையாது. எனக்கு ஒரு தங்கச்சி இல்லாத குறை தீர்ந்துச்சுன்னு வெச்சுக்கறேன்."

அன்றிலிருந்து நான் தங்கச்சி, அவர் அண்ணா. கூடப் பிறந்தவன் ஒருத்தன் ஊரில் இருக்க, எனக்கு எதற்கு இன்னொரு அண்ணன் என்று அப்போது தோன்றவில்லை.

வளைகுடாவின் தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். ஒரு பக்கம் எண்ணெய்க் கப்பல்கள், மறு பக்கம் இறால் படகுகள், இரண்டுக்கும் நடுவில் எங்கள் சின்ன ஃபைபர் படகு. ஓட்டியவர் டெக்சாஸ்காரர், பழைய இறால்காரர், அறுபதைத் தாண்டியவர். காலையிலிருந்து மதியம் வரைக்கும் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எங்கள் ஊரில் ஓங்கல் என்று சொல்லும் டால்பின்கள் இறால் படகுகளின் பின்னாலேயே வரும், வலையிலிருந்து தப்பும் மீனுக்காக. கூட்டம் தெரிந்ததும் அவர் எஞ்சினைத் தணிப்பார். நான் நேரம், இடம், எத்தனை பெரியது, எத்தனை குட்டி என்று எழுதிக்கொண்டு காமிராவைத் தூக்குவேன்.

டால்பினுக்கு முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. முதுகுத் துடுப்புதான் அதற்கு முகம். சண்டையில் கடிபட்டும், வலையில் கிழிந்தும், படகு விசிறியில் அறுபட்டும் அந்தத் துடுப்பின் பின்விளிம்பில் வெட்டுகள் விழும். போன சதை திரும்ப வளராது. அந்த வெட்டுகளை வைத்துத்தான் இது இன்னார் என்று சொல்வோம். ஒவ்வொன்றுக்கும் லேபில் ஒரு எண் உண்டு. நான் எனக்கென்று பெயரும் வைத்திருந்தேன். ரம்பம், மூக்குத்தி, கடிச்ச முறுக்கு. கடிச்ச முறுக்கு குட்டி போட்ட அன்றைக்கு நான் வீட்டில் பாயசம் வைத்தேன்.

அதெல்லாம் ஃபிலிம் காலம். ஸ்லைடு ஃபிலிமில் எடுத்து, கழுவக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத்தான் என்ன விழுந்தது என்றே தெரியும். ஒரு கூட்டத்தின் படங்கள் அடுத்த கூட்டத்தோடு கலந்துவிடக் கூடாது. அதற்காக ஒரு கூட்டம் முடிந்ததும் சம்பந்தமில்லாத ஒரு படம் எடுப்பது வழக்கம். 'இது முடிந்தது, இனி அடுத்தது' என்று அதற்குப் பொருள். சிலர் வானத்தை எடுப்பார்கள். நான் என் இடது உள்ளங்கையில் கூட்டத்தின் எண்ணை மார்க்கரில் பெரிதாக எழுதி, கையை நீட்டி, அதை எடுப்பேன். பெரிய லென்ஸ் என்பதால் கை மங்கலாகத்தான் விழும். ஆனாலும் எண் தெரியும், நடுவிலிருக்கும் மருதாணி வட்டம் தெரியும், மணிக்கட்டில் இரண்டு கண்ணாடி வளையல் தெரியும். அந்தக் கை யாருடையதோ அவர்தான் காமிராவைப் பிடித்தவர். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

அண்ணா படகுக்கு மொத்தம் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை கரையைத் தாண்டுவதற்குள் வாந்தி. இரண்டாம் தடவை கயிற்றை அவிழ்க்கும்போதே வாந்தி. "உனக்கென்னம்மா, தூத்துக்குடித் தண்ணி. நீ போய்ட்டு வா" என்று லேபில் ஏசிக்குள் உட்கார்ந்துகொண்டார். படத்தை எடுப்பதும் நான், விளக்கு மேஜையில் ஸ்லைடுகளைப் பரப்பி, லென்ஸைக் கண்ணில் வைத்து, இந்தத் துடுப்பும் அந்தத் துடுப்பும் ஒன்றா என்று பொருத்திப் பார்ப்பதும் நான். அவர் எட்டிப் பார்ப்பார். "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது தங்கச்சி" என்பார். ஏதோ பெருமை போலச் சிரித்துக்கொண்டே சொல்வார். குறிப்புத் தாளில் படகில் போனவர் பெயர் எழுதும் கட்டத்தை மட்டும் காலியாக விடச் சொன்னார், என் விசாவுக்கு நல்லது என்று. லேபின் தலைவியான அமெரிக்கப் பேராசிரியைக்கு வகுப்புகளும் கூட்டங்களும். அவர் எங்கள் அறைப்பக்கம் வருவதே அபூர்வம்.

கை ஸ்லைடுகளைப் பார்த்து அண்ணா ஒரு நாள், "இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு? தூக்கிப் போட்டுடு" என்றார். நான் போடவில்லை. ஊரிலிருந்து வந்த மைசூர்பாகு டப்பா ஒன்றில் எண் வாரியாக அடுக்கி வைத்தேன். அப்போது என் மனதில் ஒரு வஞ்சமும் இல்லை. என் கையை நானே குப்பையில் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்தில் துடுப்புப் பட்டியலையும், எது எங்கே தென்பட்டது என்கிற வரைபடங்களையும் முடித்தேன். அதை வைத்து வரவிருந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் வரைவில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. அந்தத் தாளை நான் எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அது வெறும் ஆசை இல்லை. அச்சில் என் பெயரோடு ஒரு கட்டுரை இருந்தால் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் மாணவி விசா. அப்புறம் நான் யாருடைய வாலும் இல்லை. அந்த வீட்டுச் சுவரிலிருந்து எனக்கு இருந்த ஒரே கதவு அந்தப் பெயர்.

ஒரு சனிக்கிழமை அண்ணா வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துப் பேசினார்.

"க்ரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கீங்க இல்ல? பேப்பர்ல இவ பேரு வருது. இமிக்ரேஷன்ல ஒருத்தன் பாத்துட்டு, எச்-ஃபோர்ல இருந்துட்டு வேலை பாத்தியான்னு கேட்டா என்ன பண்ணுவீங்க? ஃபைல் அப்படியே க்ளோஸ். ஒரு பேருக்காக இவ்வளவு ரிஸ்க் வேணுமா?"

என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்ல மனுஷர்தான். ஆனால் க்ரீன் கார்டு என்று யாராவது மூச்சு விட்டாலே அவருக்கு மூச்சு நின்றுவிடும். எங்களுக்குத் தெரிந்த எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். "வேண்டாம்மா, எடுத்துரச் சொல்லு" என்றார். நானும் பயந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

"அப்ப ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு தங்கச்சி. நம்ம ஊர்ல விடுதலைப் பத்திரம் எழுதறோம்ல, அது மாதிரி. எதை விட்டுக் குடுக்கறேன்னு ஒண்ணு விடாம இருக்கணும். அப்பதான் நாளைக்கு ஒரு பேச்சு வராது."

விடுதலைப் பத்திரம் எனக்குத் தெரியும். அம்மா தன் பங்கை மாமாவுக்கு எழுதிக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். வடக்கே வேப்பமரம், தெற்கே சந்து, கிணற்றில் பாதி, மாடிப்படி உட்பட என்று ஒரு செங்கல் விடாமல் எழுதுவார்கள். சொத்து முழுக்க உன்னுடையதுதான் என்று முதலில் ஒப்புக்கொண்டு, அப்புறம் வாங்கிக்கொள்வார்கள்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். எல்லாப் படங்களையும் நான் எடுத்தேன். எல்லாத் துடுப்புகளையும் நான் பொருத்தினேன். பட்டியலை நான் தயாரித்தேன். வரைபடங்களை நான் வரைந்தேன். இவை எல்லாவற்றிலும் எனக்குள்ள உரிமையை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன். என் பெயரை எங்கேயும் போட வேண்டாம். கையெழுத்து. அவர் மையை ஊதி, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். போகும்போது என் கையால் காபி குடித்துவிட்டுப் போனார்.

கட்டுரை அச்சில் வந்தது. அவர் பெயர், அடுத்து பேராசிரியை பெயர். கடைசியில் நன்றி சொல்கிற பத்தியில் படகுத்துறைக் காவலாளிக்குக்கூட நன்றி இருந்தது. எனக்கு இல்லை.

அதற்கப்புறம் ஒரு மாதத்தில் க்ரீன் கார்டு விஷயமாக வக்கீலைப் பார்க்கப் போனோம். எழுந்திருக்கும் நேரத்தில், கட்டுரையில் என் பெயர் வந்தால் விசாவுக்கு ஆபத்தா என்று நான் பேச்சுவாக்கில் கேட்டேன். வக்கீலம்மாள் புரியாமல் பார்த்தார். "சம்பளம் வாங்கினாயா?" இல்லை. "தன்னார்வலராகப் போனாய், அவ்வளவுதானே? கட்டுரையில் பெயர் வருவதற்குப் பெயர் வேலையா? யார் உனக்கு இப்படிச் சொன்னது?" என்று சிரித்தார். கார் நிறுத்தத்தில் என் கணவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

திங்கட்கிழமை போய்க் கேட்டேன். அண்ணா கோபப்படவே இல்லை.

"லாயர்ஸ் ஆயிரம் சொல்லுவாங்க. நீதானே எழுதிக் குடுத்தே? நான் ஃபோர்ஸ் பண்ணேனா? சரி விடு, நெக்ஸ்ட் பேப்பர்ல பாத்துக்கலாம். அப்புறம், அடுத்த மாசம் வளைகுடா மீட்டிங்ல என் டாக் இருக்கு. ஒரு நாப்பது நல்ல துடுப்பா எடுத்து ட்ரேல அடுக்கிக் குடுத்துடு. எனக்குத்தான் எது எதுன்னு தெரியாதே."

என்னிடமிருந்து எடுத்ததை மேடையில் காட்ட, என்னையே அடுக்கித் தரச் சொன்னார். பூனைக்கு மணி கட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், பூனையே வந்து கழுத்தை நீட்டியது.

ஸ்லைடு புரொஜெக்டரின் தலையில் உட்காரும் வட்டத் தட்டில் எண்பது பள்ளங்கள். அவர் கேட்டது நாற்பது துடுப்பு. மீதி நாற்பது பள்ளங்களுக்கு மைசூர்பாகு டப்பாவைத் திறந்தேன். ஏனோதானோ என்று செருகவில்லை. ஒவ்வொரு துடுப்புக்கும் பின்னால் அந்தந்தக் கூட்டத்தின் எண் எழுதிய கையையே தேடி எடுத்து வைத்தேன். ரம்பம், கை. மூக்குத்தி, கை. கடிச்ச முறுக்கு, கை. ஒரு மத்தியானம் முழுக்கச் செய்தேன், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே. கல்யாணத்துக்குச் சீர்த்தட்டு அடுக்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"அடுக்கியாச்சா?"

"ஒழுங்கா அடுக்கியிருக்கேன் அண்ணா." அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் திறந்து பார்க்க மாட்டார் என்றும் தெரியும். இரண்டு வருஷத்தில் ஒரு ஸ்லைடைக்கூட அவர் தானாக எடுத்துப் பார்த்ததில்லை.

கூட்டம் கடலோர ஊர் ஒன்றின் பொதுக்கூடத்தில் நடந்தது. வளைகுடாவில் டால்பின், ஆமை, பறவை என்று கணக்கெடுக்கும் எல்லாரும் வந்திருந்தார்கள். பேராசிரியை முதல் வரிசையில். படகோட்டி கடைசியில், கதவோரம். நான் மூன்றாவது வரிசையில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. முந்தின நாள் புதிதாக மருதாணி வைத்திருந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். "இரண்டு ஆண்டுகள் வெயிலிலும் அலையிலும் நின்று நான் எடுத்த படங்கள்" என்று அண்ணா ஆரம்பித்தார். பொத்தானை அழுத்தினார். ரம்பம் வந்தது. அழகான துடுப்பு. அதைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். மறுபடி அழுத்தினார். திரை முழுக்க என் உள்ளங்கை.

கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார். "தவறுதலாக ஒன்று கலந்துவிட்டது." அடுத்தது மூக்குத்தி. அதற்கடுத்து என் கை. மறுபடி சிரிப்பு, கொஞ்சம் குறைவாக. கடிச்ச முறுக்கு. கை. ஐந்தாவது கையில் யாரும் சிரிக்கவில்லை. எட்டாவது கை வந்தபோது முன் வரிசைக்காரர்கள் திரையை விட்டுவிட்டு அவர் கையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். முழுக்கை சட்டை, பெரிய கடிகாரம், வளையல் இல்லை. படம் எடுத்தவர் கைதான் நடுவில் வரும் என்று அவர்களில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் வேகமாக அழுத்தினார். அந்த மெஷின் தன் வேகத்தில்தான் போகும். சடக், துடுப்பு. சடக், கை. நான் என் இடது கையைத் தூக்கி முன் நாற்காலியின் முதுகில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் அதைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

கடைசி வரிசையிலிருந்து படகோட்டியின் குரல் வந்தது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர், அன்றைக்கு ஒரு வருஷத்துக்கானதைச் சேர்த்துப் பேசினார். "அந்தக் கையை எனக்குத் தெரியும். என் படகில் எனக்கு எலுமிச்சம்பழச் சோறு போட்ட கை. இந்த ஐயாவை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் தலை படகுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது."

அண்ணா விளக்கைப் போடச் சொன்னார். அவர் முகத்தை நான் நன்றாக, ஆசை தீரப் பார்த்தேன்.

வெளியே தாழ்வாரத்தில் பேராசிரியை எங்கள் இருவரையும் நிறுத்தினார். "படங்களை நீ எடுத்ததாக என்னிடம் சொன்னாய். இவள் குறிப்பு மட்டும் எழுதினாள் என்றாய்" என்று அவரைக் கேட்டார்.

அண்ணாவின் முகம் தெளிந்தது. இதற்காகத்தானே பத்திரம் எழுதி வாங்கினார்? பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார். "அவளே எழுதிக் கொடுத்தது. அவள் கையெழுத்து. பெயர் வேண்டாம் என்று அவள்தான் கேட்டாள்." என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், இனி என்ன செய்வாய் என்பது போல.

பேராசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். எல்லாப் படங்களையும் நான் எடுத்தேன். எல்லாத் துடுப்புகளையும் நான் பொருத்தினேன். பட்டியலை நான் தயாரித்தேன். வரைபடங்களை நான் வரைந்தேன். வடக்கே வேப்பமரம், தெற்கே சந்து என்று என் காதில் கேட்டது. ஒரு செங்கல் விட்டுப்போகவில்லை. அண்ணா அவ்வளவு கவனமாகச் சொல்லியிருந்தார்.

படித்து முடித்து அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "இது எல்லாவற்றையும் இவள் செய்திருக்கிறாள். இது உனக்குத் தெரியும், எழுத்திலேயே வைத்திருக்கிறாய்" என்றார். "இதில் நீ செய்தது எது?"

அண்ணாவுக்குப் படகில்தான் வாந்தி வரும் என்று நினைத்திருந்தேன். தரையிலும் அந்த முகம் அப்படித்தான் ஆனது.

பேராசிரியை பத்திரிகைக்கு எழுதினார். ஆறு மாதம் கழித்து ஒரு மூலையில் மூன்று வரித் திருத்தம் வந்தது, முதல் ஆசிரியர் இன்னார் என்று என் பெயரைப் போட்டு. அடுத்த வருஷம் அதே பேராசிரியையிடம் பிஎச்.டி. மாணவியாகச் சேர்ந்தேன். ஆனால் எனக்கு ருசியாக நினைவிருப்பது அந்த மூன்று வரி இல்லை. அது அச்சாவதற்கு முன்னால் வந்த ஒரு சனிக்கிழமைதான்.

அண்ணா மனைவியோடு வந்தார். தாம்பாளத்தில் ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை. அதே சாப்பாட்டு மேஜை, அதே நாற்காலி. அவர் மெலிந்திருந்தார்.

"தங்கச்சி, என் வேலையே போயிடும் போல இருக்கு. ஒரே ஒரு லெட்டர் குடு. எல்லாத்தையும் அண்ணாவோட கைடன்ஸ்லதான் பண்ணேன்னு ரெண்டு வரி. கூடப் பொறந்தவனா நெனச்சுக் கேக்கறேன்."

என் கணவர் இந்தத் தடவை என்னைத்தான் பார்த்தார். நான் காபி போட எழுந்திருக்கவில்லை.

"தர்றேன் அண்ணா" என்றேன். அவர் மனைவி பெருமூச்சு விட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். நான் வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் என் இடது கையை அழுத்தி வைத்து, விரல் விரலாகச் சுற்றிக் கோடு இழுத்தேன். கையை எடுத்துவிட்டு, நடுவில், கடைசிக் கூட்டத்துக்கு அடுத்த எண்ணை எழுதினேன். மடித்து அவரிடம் கொடுத்தேன்.

அவர் பிரித்துப் பார்த்தார். "என்னங்க இது? என்ன போட்டிருக்கா?" என்று அவர் மனைவி கேட்டாள்.

அவருக்குத் துடுப்பு எதுவும் தெரியாது. இது மட்டும் தெரிந்தது. ஆரஞ்சுகளைக்கூட எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போனார்.